சூட்டுச் சுவரோரம் முளைப்பாரி

பிள்ளைகளா,

சின்னவள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பூகோளப் புத்தகத்தில் ஒரு படம் பார்த்தேன். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு வளைவாக அம்புக்குறி போட்டு, ஓர் இடத்துப் பழக்கவழக்கம் வேறோர் இடத்துக்கு இப்படித்தான் பரவுகிறது என்று எழுதியிருந்தது. குடிபெயர்கிறவர்கள் சுமந்துகொண்டு போவார்கள், பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்து எடுத்துக்கொள்வார்கள், போன இடத்தில் அது கொஞ்சம் மாறும். மொத்தம் மூன்று வரி. நான் எட்டாவதோடு நிறுத்தியவன். ஆனாலும் அந்த மூன்று வரியும் எனக்கு நன்றாகப் புரிந்தது. அந்த அம்புக்குறி போகிற வழியில் நானும் உங்கள் அம்மாவும் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து போயிருக்கிறோம்.

சுமந்துகொண்டு போகிறவர்கள் படுகிற பாடு அந்தப் புத்தகத்தில் இல்லை. இடம் போதவில்லை போலிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒன்றை நான் எழுதி வைக்கிறேன்.

அப்போது எண்பதுகளின் தொடக்கம். நீங்கள் யாரும் பிறக்கவில்லை. சிலமலையில் இருந்த கொஞ்ச நிலத்தை உங்கள் பெரியப்பா பார்த்துக்கொள்ள, நானும் உங்கள் அம்மாவும் போடிமெட்டைத் தாண்டி, கேரளத்துப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருந்தோம். அம்மா காய் எடுக்கப் போவாள். எனக்கு ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்து வந்த பச்சைக்காயை உலர்த்துகிற கட்டடம். வெளியே ஒரு மூலையில் பெரிய விறகடுப்பு, அதிலிருந்து தகரக் குழாய்கள் கட்டடத்துக்குள் போய்ப் பின்சுவரை ஒட்டி ஓடும். அந்தச் சூட்டில்தான் காய் உலரும். அடுப்புக்கு விறகு தள்ளுவது என் சோலி. உள்ளே காயைத் தொட்டுப் பார்த்து, போதும் போதாது என்று சொல்வது ஒரு மலையாளத்துக்காரர். அவரை எல்லாரும் சேட்டன் என்போம். அவர் மனைவி சேச்சி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பள்ளிக்கு, அதாவது மாதா கோயிலுக்கு, போய் வருகிற குடும்பம். லயம் என்று சொல்கிற வரிசை வீடுகளில் கடைசி வீடு அவர்களுடையது. அதற்கு முந்தின வீடு எங்களுடையது.

புரட்டாசியில் நம் ஊரில் அம்மனுக்கு முளைப்பாரி எடுப்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வருஷம் புரட்டாசியில் காய் எடுப்பு மும்முரம். ஊருக்குப் போக லீவு கிடையாது, சாமி கும்பிட ஒரே ஒரு புதன்கிழமை மட்டும் தருகிறேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஒரு நாளில் கீழே இறங்கி ஏற முடியுமே தவிர முளை வளர்க்க முடியாது. சிலமலையிலிருந்தும் சுற்றுப்பட்டிகளிலிருந்தும் வந்த பத்துப் பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் அன்று சாயங்காலம் குழாயடியில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

உங்கள் அம்மாதான் சொன்னாள்: "நாம போக முடியலைன்னா என்ன, ஆத்தாள இங்கன கூப்பிடுவோம். முளைப்பாரி இங்கனயே போடுவோம்."

காய் எடுக்கிற பெண்களுக்கெல்லாம் மூத்தவர் ஒருவர் இருந்தார். எனக்கு அத்தை முறை. அவர் சொன்னால் லயமே கேட்கும். "மெட்டுக்கு அங்கிட்டுத்தான் நம்ம ஆத்தாளுக்கு எல்லை. இது வேத்து ஊரு, வேத்து சீமை. இங்கன வர மாட்டா" என்றார்.

"செக்போஸ்ட்டுல ஆத்தாகிட்ட பர்மிட்டா கேக்கப் போறாக? வருவா அத்தே" என்றாள் அம்மா.

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அத்தை சிரிக்கவில்லை. "சரிடி. யாரு கையால போடப் போற?"

"என் கையாலதான்."

குழாயடியில் நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பி அவள் கையைப் பார்த்தார்கள். ஏன் என்று நான் சொல்லத்தான் வேண்டும். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது மூன்றாவது வருஷம். பிள்ளை இல்லை. முளைப்பாரி நன்றாக வளர்ந்தால் அந்த வீடு தழைக்கும் என்பார்கள். வளராவிட்டால் போட்ட கையைத்தான் பார்ப்பார்கள். உங்கள் அம்மா அது தெரிந்துதான் கையை நீட்டினாள்.

ஊரில் செய்கிற மாதிரியே எல்லாம் செய்தோம். அடிப்பாகம் மட்டும் உள்ள மண் ஓடுகள் பதினொன்று போடியிலிருந்து ஜீப்பில் வந்தன, வைக்கோலுக்குள் வைத்து, ஒன்றுகூட உடையாமல். வைக்கோல், காய்ந்த மாட்டுச்சாணித் தூள், மண். மேலே ஊறவைத்த பாசிப்பயறு, தட்டாம்பயறு, மொச்சை, சோளம், கம்பு. விதைத்து, வெளிச்சம் படாமல் எங்கள் வீட்டுப் பின்னறையில் வைத்துச் சாக்குப்போட்டு மூடினாள். ஆம்பளைகள் எட்டிப் பார்க்கக் கூடாது. விரதம் இருக்கிற பெண் மட்டும் காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பாள். அந்த நாட்களில் நான் முன்னறையில் படுத்து, முன்வாசல் வழியே போய் வந்தேன். புதன்கிழமைக்குப் பத்து நாள் இருந்தது.

நாலாவது நாள் காலையில் பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தவள் தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்து வைத்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. கதவிடுக்கு வழியே அழுகல் வாடை வந்தது.

அத்தை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மொச்சை நொசநொசவென்று ஆகிப்போய், கம்பு பூஞ்சை பிடித்து இருந்ததாம். வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "மண்ணச் சொல்லிக் குத்தமில்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மீதியை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உங்கள் அம்மா அன்றைக்கும் கூடையைக் கட்டிக்கொண்டு காய் எடுக்கப் போனாள். நான் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தேன். எத்தனை தள்ளினேன் என்று எனக்கே தெரியாமல் தள்ளியிருக்கிறேன். சேட்டன் உள்ளேயிருந்து ஓடிவந்து, "எந்தா அண்ணாச்சி, காயைக் கரியாக்கவா?" என்று சத்தம் போட்டார்.

நாங்கள் செய்த தப்பு என்னவென்று இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. சிலமலையில் புரட்டாசி மாசம் ஓர் அறையை மூடினால் உள்ளே புழுங்கித் தள்ளும். அங்கே சூடு யாரும் கேட்காமலே இருந்தது. அதனால் முளைப்பாரிக்கு வேண்டிய சாமான்களில் அதுவும் ஒன்று என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. இருட்டு வேண்டும், சுத்தம் வேண்டும், விரதம் வேண்டும் என்று மட்டும் தெரிந்திருந்தது. மலைமேல் மழையும் மூடுபனியுமாக, மூடிய அறை கிணற்றுக்குள் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. ஊரிலிருந்து ஓடு கொண்டுவந்தோம், விதை கொண்டுவந்தோம், ஊரின் வெயிலைக் கொண்டுவர மறந்துவிட்டோம்.

அதைக் கண்டுபிடித்தது நம் ஆட்கள் இல்லை. சாயங்காலம் சேச்சி எங்கள் வாசலுக்கு வந்தார். "எந்தா மோளே, மரிச்ச வீடு போல இருக்கு?" என்று கேட்டார். அம்மா பின்னறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். வேற்று மதத்துக்காரரை உள்ளே விடலாமா என்று யாரையும் கேட்கவில்லை. சேச்சி ஓட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தாராம்.

"இவ்விடம் தணுப்பல்லே. தணுப்புல வித்து எங்ஙன முளைக்கும்? மழைக்காலத்துல என் பிள்ளைக துணியெல்லாம் நான் எவிட காயப்போடுறேன், பாத்திருக்கியா?"

அம்மா பார்த்திருந்தாள். நானும் தினமும் பார்த்ததுதான். ஸ்டோரின் பின்சுவருக்கு வெளியே விறகு போட ஒரு தகரச் சாய்ப்பு உண்டு. சுவரின் உட்பக்கம் சூட்டுக் குழாய் ஓடுவதால் சாய்ப்புக்குள் எப்போதும் கதகதப்பாக இருக்கும். லயத்துப் பிள்ளைகளின் சட்டையும் கால்சட்டையும் அங்கேதான் காய்ந்தன. அவ்வளவு பக்கத்தில் சூட்டை வைத்துக்கொண்டு, நான் அதற்கு விறகும் தள்ளிக்கொண்டு, எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆனால் சேட்டன் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பயம் நியாயமானது. ஏலக்காய் பக்கத்தில் எந்த வாடை இருந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். போடியில் ஏலம் எடுக்க வருகிற வியாபாரிகள் ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனாலே போதும், மண்ணெண்ணெய் பட்டதா, புகை பட்டதா என்று சொல்லிவிடுவார்கள். "சாணகம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் காய் அறியும். காயில் சாணகம் மணத்தால் உனக்கும் சோலி இல்ல, எனக்கும் சோலி இல்ல" என்றார்.

"சாணி இல்லாமப் போட்டா?" என்று அம்மா கேட்டாள்.

சாணி இல்லாமல் முளைப்பாரியா என்று நான்தான் முதலில் கேட்டேன். அத்தை கேட்பதற்கு முன்னால் கேட்டுவிட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். ஏலச்செடிக்கு நிழல் தருகிற பெரிய மரங்களின் அடியில் வருஷக்கணக்காக இலை விழுந்து மக்கிக் கருப்பாகக் கிடக்கும். கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். வாடை கிடையாது, மழை பெய்த வாசம்தான். அந்த மக்கை ஒரு கூடை அள்ளிக்கொண்டுவந்து சேட்டன் முன்னால் நீட்டினாள். அவர் காயை மோப்பம் பிடிக்கிற மாதிரியே அதையும் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "சரி. ஒரு நிபந்தனை. ஓரோ நாளும் காலம்பற அந்தச் சுவர்ப் பக்கத்துக் காயை நான் மணத்து நோக்குவேன். ஏதாவது மணத்தால் எடுத்துடணும்."

விதை தீர்ந்துபோயிருந்தது. மறுநாள் உலர்ந்த காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போடிக்கு இறங்கிய ஜீப்பில் நானும் தொற்றிக்கொண்டேன். தானியக் கடைக்காரர் கேட்டார்: "மலையில போயி முளைப்பாரியா அப்பு? அங்க ஏலக்காயே தரையில காய்க்குது. பயறு எங்கிட்டு முளைக்கும், கூரையிலயா?"

"சுவத்துல முளைக்கும்ணே. வெரசாக் கட்டுங்க, ஜீப்பு போயிரும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு பிடி மொச்சை கூடுதலாகப் போட்டார்.

ஐந்து நாள்தான் இருந்தது. அன்று சாயங்காலமே சாய்ப்புக்குள் பாதி இடத்தை ஒதுக்கி, எனக்கு வேண்டிய விறகை முன்கூட்டியே அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டேன். அம்மாவும் சேச்சியும் ஓடுகளைச் சுவரோரம் வரிசையாக வைத்தார்கள். வாசலில் சாக்குப் படுதா. அதற்குப் பிறகு எனக்கு உள்ளே வேலை கிடையாது.

சுவரின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். உள்ளே எப்படி இருக்கிறது என்று நான் கேட்கக் கூடாது, அவளும் சொல்லக் கூடாது. ஆனால் சூடு சரியாக இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டுமே. அதற்கு அவளே ஒரு வழி செய்தாள். தண்ணீர் தெளிக்கப் போகும்போது ஒரு விறகுக் குச்சியால் சுவரில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் போதும். இரண்டு தட்டு என்றால் இன்னும் வேண்டும். முதல் நாள் காலை இரண்டு தட்டினாள். சாயங்காலம் ஒன்று. காலையில் சேட்டன் ஒரு கைப்பிடிக் காயை மூக்கில் வைத்துக்கொண்டு வருவார். "ஒண்ணுமில்ல" என்பார். அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்கூடத் தெரிந்த மாதிரி எனக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதான் சிக்கல். காய் எடுப்பு இல்லை, அதனால் அடுப்பும் இல்லை. தோட்டத்து விறகைச் சும்மா எரிக்க முடியாது. நான் விடிந்ததும் கொடுவாளோடு காட்டுக்குள் போய், காற்றில் விழுந்து கிடந்த கிளைகளாகப் பார்த்துப் பொறுக்கி நாலு கட்டுத் தூக்கிவந்து, அடுப்பில் மெல்ல எரியவிட்டுப் பகல் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்குப் போய்த் திரும்பிய சேட்டன் புகையைப் பார்த்துவிட்டு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். "என் வீட்டுக்காரத்தி பள்ளியில மெழுகுதிரி ஏத்தி வெச்சுட்டு வந்திருக்கா, உங்க பயறுக்கு" என்றார்.

திங்கட்கிழமை காலை ஒரு தட்டு. செவ்வாய்க்கிழமை தட்டே வரவில்லை. விறகைக் கீழே போட்டுவிட்டுச் சுவரருகே போய்க் காது கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சுவரில் படபடவென்று ஐந்தாறு தட்டு விழுந்தது. அது என்ன கணக்கென்று நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அது கெட்ட சேதி இல்லை என்று மட்டும் தெரிந்தது.

புதன்கிழமை மழை விட்டிருந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். படுதாவை விலக்கிக்கொண்டு உங்கள் அம்மா முதல் ஓட்டைத் தலையில் வைத்து வெளியே வந்தாள். ஒரு சாண் உயரத்துக்கு, இருட்டில் வளர்ந்த வெளிர் மஞ்சள் நிறத்தில், நெருக்கமாக, ஒரு பக்கம் சாயாமல் நின்றது. மூடுபனிக்குள் அந்த மஞ்சள் நடந்து வந்ததை நான் பார்த்தேன். ஒன்றன்பின் ஒன்றாகப் பதினொன்று. நம் ஊரில் இதைவிடப் பெரிய முளைப்பாரி எத்தனையோ பார்த்திருக்கிறேன். இவ்வளவு பெருமையாக நான் ஒன்றையும் பார்த்ததில்லை.

அத்தை கிட்டே வந்து, குனிந்து, விரலால் தடவிப் பார்த்தார். "வெளுப்பு கொஞ்சம் கூடத்தான்" என்றார். பிறகு தன் சேலை முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, "ஒண்ண எடுத்து வையிடி" என்றார். அம்மா எடுத்து வைத்தாள். நாலடி நடந்தவர் நின்று, திரும்பிப் பார்க்க முடியாததால் முன்னால் பார்த்தபடியே சொன்னார்: "வர்ற வருசம் எனக்கு ரெண்டு ஓடு போடணும். என் மருமகளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் எடமில்லைன்னு சொல்லப்படாது."

உங்கள் அம்மா "சரி அத்தே" என்று மட்டும் சொன்னாள்.

ஓடைப் பக்கம் மரத்தடியில் ஆத்தாள் என்று நாங்கள் நட்டிருந்த கல்லைச் சுற்றி ஓடுகளை இறக்கி வைத்துப் பெண்கள் கும்மி தட்டினார்கள். சேச்சியும் இன்னும் மூன்று மலையாளத்துப் பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தைதான் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அவர்கள் தட்டுகிற விதமே வேறு. நாம் நிமிர்ந்து தட்டுவோம், அவர்கள் ஓர் அடி உள்ளே எடுத்து வைத்து, குனிந்து தட்டி, பின்னால் போவார்கள். முதலில் எல்லாரும் இடித்துக்கொண்டார்கள். ஒருத்தி, "சேச்சி, காலை மிதிச்சா ஆத்தா கேப்பா" என்று கத்தினாள். ஓடையில் முளையைக் கரைக்கிற நேரத்துக்கு நம் பெண்களில் பாதிப்பேர் குனிந்து தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பழக்கம் அதோடு நிற்கவில்லை. அடுத்தடுத்த வருஷங்களில் பக்கத்துத் தோட்டங்களிலும் ஸ்டோர்ச் சுவரோரம் முளை போட்டார்கள். சாணிக்குப் பதில் இலைமக்குத்தான். கீழே சிலமலைக்கு இந்தச் சேதி போய், அங்கே உங்கள் பெரியம்மா ஜீப்புக்காரரிடம் சொல்லி விட்டாள்: "மலை மண்ணு ஒரு சாக்குக் கொண்டா. புழு வைக்காதாம்ல." அது முதல் புரட்டாசி தோறும் ஒரு சாக்கு இலைமக்கு மெட்டு இறங்கியது. நீங்கள் சின்னதில் ஊரில் பார்த்த முளைப்பாரி அந்த மண்ணில் வளர்ந்ததுதான். புத்தகத்தில் அம்புக்குறி ஒரு பக்கம்தான் போகிறது. திரும்பி வருகிற அம்புக்குறி ஒன்றையும் சின்னவள் போட்டுக்கொள்ளட்டும்.

மூத்தவன் பிறந்தது இதற்கெல்லாம் நாலு வருஷம் கழித்து. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். நான் பெருமைப்படுவது வேறு விஷயத்துக்கு. தன் கையை எல்லாரும் பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்தும் இரண்டாம் முறை விதைத்தாளே, அதற்கு.

அன்று சாமி கும்பிட்டு முடிந்து எல்லாரும் மரத்தடியில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் மட்டும் எழுந்து ஸ்டோருக்குப் போனேன். இனி ஆம்பளை போகலாம் என்பதால் சாய்ப்புக்குள் நுழைந்தேன். தரையில் சுவரோரம் பதினொரு ஈர வட்டங்கள் இருந்தன. சுவரைத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் சூடு இருந்தது. கையை விரித்து அளந்தேன். இந்த நீளத்தில் இதற்கு மேல் ஓர் ஓடுகூட வைக்க முடியாது. மீதிப் பாதிச் சுவரை மறைத்துக்கொண்டு விறகு அடுக்கியிருந்தது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அந்த விறகை ஒவ்வொன்றாக எடுத்து எதிர்ப் பக்கம் அடுக்கி, சுவர் முழுவதையும் காலியாக்கினேன்.